நிறமும் மணமும்: தக்காணத்தில் ஒரு ரோஜாவின் பொருள்

(ஹைதராபாத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பரிசாகத் தரும் ரோஜா என்ன சொல்கிறது? இதுவே இன்றைய உரையின் கேள்வி. இதற்கு விடை சுலபம் என்று பலர் நினைக்கிறோம். பஞ்சாரா ஹில்ஸிலோ ஜூப்ளி ஹில்ஸிலோ ஒரு பூங்கொத்துக் கடைக்குப் போனால் சிவப்பு காதலுக்கு, மஞ்சள் நட்புக்கு, வெள்ளை தூய்மைக்கு, இளஞ்சிவப்பு பாராட்டுக்கு என்று சொல்லிவிடுவார்கள். பிப்ரவரி 7-ஆம் தேதி ரோஜா தினம் வந்தால் இந்த அட்டவணை எல்லோருடைய கைப்பேசிக்கும் வந்துசேர்கிறது.

இதே ஊரில் குடிமல்காபூர் மொத்தப் பூச்சந்தையிலும் நாம்பள்ளி யூசுஃபைன் தர்காவின் வாசலிலும் ரோஜா விற்கிறார்கள். அங்கே எந்த நிறம் என்று யாரும் முதலில் கேட்பதில்லை. "எதற்கு?" என்றுதான் கேட்கிறார்கள். கல்யாணத்துக்கா, தர்காவுக்கா, இறந்தவரின் மய்யத்துக்கா என்று தெரிந்த பிறகே கை கூடைக்குள் போகிறது. நிறத்தை முதலில் கேட்கும் கடை ஒன்று, நோக்கத்தை முதலில் கேட்கும் கடை ஒன்று. இந்த இரண்டு கேள்விகளுக்கும் பின்னால் இரண்டு மரபுகள் இருக்கின்றன. நிறத்தின் மரபு அண்மையில் வந்தது, அடிக்கடி மாறுவது. மணத்தின் மரபு இந்த மண்ணில் பல நூற்றாண்டாக நிற்பது. அந்த இரண்டாவது மரபு நம் கையை விட்டுப் போய்விடக் கூடாது என்பதே நான் சொல்ல வந்தது.

1. அட்டவணை வந்த வழி

ஒவ்வொரு பூவுக்கும் ஒரு பொருள் என்ற எண்ணம் ஐரோப்பாவில் பரவியதற்கு ஒரு கடிதம் பெரிய காரணம். மேரி வார்ட்லி மாண்டேகு என்ற ஆங்கிலேயப் பெண்மணி, துருக்கியில் தூதராக இருந்த தம் கணவருடன் 1717, 1718-ஆம் ஆண்டுகளில் கான்ஸ்டான்டினோப்பிளில் வாழ்ந்தார். அங்கே பூ, பழம், துணித் துண்டு போன்ற பொருள்களை முடிந்து அனுப்பியே காதல் சேதி சொல்கிறார்கள் என்று ஊருக்கு எழுதினார். அவர் மறைந்த மறு ஆண்டு, 1763-இல், அந்தக் கடிதங்கள் அச்சேறின. உண்மையில் அந்தப் பொருள்களுக்கென்று நிலையான அர்த்தம் ஏதும் இருக்கவில்லை. பொருளின் பெயரோடு எதுகையில் ஒத்துப்போகும் ஒரு வரியை நினைவூட்டும் விளையாட்டு அது. ஐரோப்பாவோ அதைப் பூக்களின் அகராதியாக எடுத்துக்கொண்டது.

1819-இல் பாரிசில் சார்லோட் டி லத்தூர் என்ற புனைபெயரில் பூக்களின் மொழி பற்றி ஒரு புத்தகம் வெளிவந்தது. அதைப் பின்பற்றி எத்தனையோ புத்தகங்கள் வந்தன. ஓவியர் கேட் கிரீனவே 1884-இல் இங்கிலாந்தில் வெளியிட்ட சிறு புத்தகம் அவற்றில் புகழ்பெற்றது. மஞ்சள் ரோஜாவுக்கு அவர் கொடுத்த பொருள் என்ன தெரியுமா? குறைந்துபோகும் அன்பு, பொறாமை. இன்றைய அட்டவணையிலோ மஞ்சள் என்றால் நட்பு, மகிழ்ச்சி. சுமார் 140 ஆண்டுகளில் ஒரு நிறம் நேர் எதிராகத் திரும்பிவிட்டது. பாட்டியின் காலத்தில் மனக்கசப்பைக் காட்டிய பூவைப் பேத்தி தோழியின் கையில் சிரித்தபடி கொடுக்கிறாள்.

ரோஜா வளர்ப்பின் வரலாறும் இதில் கலந்திருக்கிறது. கருஞ்சிவப்புச் சீன ரோஜா இங்கிலாந்துக்குப் போனது 1792 வாக்கில். இன்று நாம் காதலின் நிறம் என்று சொல்லும் அடர்சிவப்பு, அந்தச் சீன இரத்தம் கலந்த பிறகே ஐரோப்பிய ரோஜாவுக்குக் கிடைத்தது. தோட்ட ரோஜாக்களில் இன்று காணும் பளிச்சென்ற மஞ்சள், பிரான்சின் பெர்னே துஷே 1900-இல் வெளியிட்ட 'சொலேய் தோர்' என்ற வகையிலிருந்து கிளைத்தது. பூ வரவர, பொருளும் பின்னாலேயே எழுதப்பட்டது.

நம் காலத்திலும் இது நடந்தது. நீல ரோஜா இயற்கையில் கிடையாது. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் மரபணு மாற்றத்தால் நீலச்சாயல் கொண்ட ரோஜாவை உருவாக்கி 2009-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கனவு நனவாகும் என்று அந்தப் பூவுக்குப் பொருளையும் அந்த நிறுவனமே சூட்டியது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அட்டவணை எங்கே பிறக்கிறது என்று தெரிந்துகொண்டால், அதற்கு நாம் அடிமையாக வேண்டியதில்லை.

2. பூ கொடுத்தலும் பூ மறுத்தலும்

பூவால் பேசுவது தமிழர்க்குப் புதிதா? போரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பூவைச் சூடிய மரபு நம்முடையது. ஆநிரை கவர வெட்சி, படையெடுக்க வஞ்சி, கோட்டையை வளைக்க உழிஞை, நேருக்கு நேர் பொருத தும்பை, வென்ற பின் வாகை. போருக்கு முன் அரசன் வீரர்க்குப் பூ வழங்குவதைப் பூக்கோள் என்றார்கள். அதற்கான பறை ஒலிப்பதைப் புறநானூறு காட்டுகிறது. அந்தப் பூவை வாங்கியவன் ஒரு கடமையையும் சேர்த்தே வாங்கினான்.

அகத்திலோ இன்னும் நுட்பம். தலைவன் தலைவிக்குத் தரும் தழையும் பூவும் கையுறை எனப்பட்டன. குறுந்தொகையின் முதல் பாட்டே கையுறையை மறுக்கும் பாட்டு. தலைவன் கொண்டுவந்தது செங்காந்தள். எங்கள் மலையிலும் இதுதான் நிறைந்து கிடக்கிறது என்கிறாள் தோழி. வேண்டாம் என்று முகத்திலடித்தாற்போல் அவள் சொல்லவில்லை, வாங்கிக்கொள்ளவும் இல்லை. சிவந்த பூ ஒன்று ஒருவன் கையிலிருந்து ஒரு பெண்ணை நோக்கி நீள்கிறது. பூவின் நிறம் அங்கே எதையும் முடிவுசெய்யவில்லை. யார் தருகிறார், எந்த நிலையில் தருகிறார், ஏற்பதா மறுப்பதா என்பவையே முடிவுசெய்கின்றன. பிப்ரவரி மாதத்தில் கல்லூரி வாசலில் ரோஜாவோடு நிற்கும் இளைஞர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: பூவை மறுக்கும் உரிமைக்கு நம் இலக்கியம் முதல் பக்கத்திலேயே இடம் கொடுத்திருக்கிறது.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களில் ரோஜா இல்லை. அது நம்மிடம் பின்னால் வந்த பூ. வந்த பிறகு எப்படி நம் வீட்டுப் பூவானது என்பதைச் சொல்லத் தக்காணத்தை விடப் பொருத்தமான இடம் இல்லை.

3. அத்தரும் பன்னீரும்

முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்புகளில் ரோஜா அத்தர் பிறந்த கதையைப் பதிவுசெய்திருக்கிறார். நூர்ஜஹானின் தாய் அஸ்மத் பேகம் பன்னீர் தயாரித்தபோது, சூடான பன்னீரின் மேல் எண்ணெய்ப் படலம் திரள்வதைக் கண்டார். அதைச் சிறிது சிறிதாகச் சேகரித்தார். ஒரு துளியைக் கையில் தேய்த்தால் ஒரு சபையே மணக்கும் என்று வியக்கிறார் பேரரசர். அதற்கு 'இத்ர்-இ-ஜஹாங்கீரி' என்று பெயர் வைத்தவர் அக்பரின் மனைவியருள் ஒருவரான சலீமா சுல்தான் பேகம். கண்டுபிடித்த அஸ்மத் பேகத்துக்கு முத்துமாலை பரிசாகக் கிடைத்தது. ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு 3 முதல் 5 டன் இதழ் தேவைப்படுகிறது. அந்தத் துளியைப் பிறர் கையில் தடவுவது எவ்வளவு பெரிய கொடை என்பதை இந்தக் கணக்கே சொல்லும்.

தக்காண அரண்மனைகளில் விருந்தினர் வந்தால் பன்னீர் தெளித்தார்கள். அவர் விடைபெறும்போது அத்தரும் வெற்றிலையும் தந்தார்கள். அத்தரும் பானும் வந்துவிட்டால், சந்திப்பு மரியாதையோடு முடிந்தது என்று பொருள். ஆங்கிலேய அதிகாரிகளும் அரசவைச் சந்திப்புகளில் இந்த வழக்கத்துக்குக் கட்டுப்பட்டார்கள்.

அந்தப் பன்னீரைத் தெளித்த பாத்திரங்களைச் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் நிதானமாக நின்று பாருங்கள். பிதர் அன்று நிஜாமின் நாட்டுக்குள் இருந்த ஊர். அங்கே துத்தநாகமும் செம்பும் கலந்து வார்த்து, மேலே வெள்ளி இழைத்து, பிதர் கோட்டை மண்ணைக் கொண்டு கருமையேற்றிச் செய்த பிதரி வேலை அது. உருண்ட வயிறு, நீண்டு மெலிந்த கழுத்து, உச்சியில் துளைகள் உள்ள மூடி. குலாப்பாஷ் என்று இங்கே சொல்கிறார்கள். பார்த்த உடனே உங்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். நம் வீட்டுக் கல்யாணத்தில் வாசல் மேசை மேல் சந்தனப் பேலாவுக்கும் குங்குமச் சிமிழுக்கும் கற்கண்டுத் தட்டுக்கும் பக்கத்தில் நிற்கும் பன்னீர்ச்செம்பு. வடிவம் ஒன்று, வேலையும் ஒன்று. நாமும் பன்னீர் தெளித்து வரவேற்கிறோம், தாம்பூலம் கொடுத்து விடைதருகிறோம். நிஜாமின் தர்பாரும் திருநெல்வேலிக் கல்யாண மண்டபமும் விருந்தினரை ஒரே முறையில் போற்றியிருக்கின்றன.

பன்னீர்ச்செம்பில் இருக்கும் ரோஜாவுக்கு நிறமே இல்லை. அதை யாரும் படித்துப் பொருள் காண வேண்டியதில்லை. தலையில் குளிர்ச்சியாக விழுந்து, மணமாக நின்றுவிடுகிறது. ஏழை, பணக்காரர், எழுதத் தெரிந்தவர், தெரியாதவர் என்று பார்க்காமல் வாசலைத் தாண்டும் எல்லோர் மேலும் அது ஒன்றுபோலத் தெளிக்கப்படுகிறது.

4. நாம்பள்ளியின் ரோஜா

நாம்பள்ளியில் அடங்கியிருக்கும் யூசுஃப், ஷரீஃப் என்ற இரு பெரியவர்கள் ஔரங்கசீப்பின் படையில் பணியாற்றியவர்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. வியாழன், வெள்ளிக் கிழமைகளில் தர்கா வாசலில் நடக்க இடமிருக்காது. பூக்கடைக்காரர்கள் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருப்பார்கள். காம்பு நீக்கிய ரோஜாக்களைக் கோத்துச் சரமாக்கி, சரங்களைப் பக்கம் பக்கமாக வைத்துக் குறுக்கே பிணைக்கிறார்கள். சற்று நேரத்தில் பூவால் ஒரு போர்வை உருவாகிவிடுகிறது. வாங்கியவர் அதைத் தலைக்கு மேல் ஏந்திக்கொண்டு உள்ளே போகிறார். அங்கே பணி செய்யும் காதிம் அதைக் கபர் எனும் அடக்கத்தின் மேல் போர்த்திவிட்டு, ஏற்கெனவே அங்கிருந்த இதழ்களில் ஒரு பிடி அள்ளிக் கொடுக்கிறார். அது யார் கொண்டுவந்த பூ என்று யாருக்கும் தெரியாது. நாம் தந்த பூ இன்னொருவருக்குப் போகிறது, இன்னொருவர் தந்தது நமக்கு வருகிறது. இந்து, முஸ்லிம் என்ற வேறுபாடு அந்தப் பிடி இதழில் கிடையாது.

இந்த நகரத்தின் வாழ்க்கையில் ரோஜா போகாத இடமே இல்லை. மாப்பிள்ளையின் முகத்தில் பூச்சரங்களால் ஆன செஹ்ரா தொங்குகிறது. ஹஜ்ஜுக்குப் புறப்படுபவர் கழுத்து நிறைய மாலையோடு உறவினரிடம் விடைபெறுகிறார். விழா மேடையில் பெரியவருக்குச் சால்வை போர்த்தி மாலையிடுவதைக் குல்போஷி என்று சொல்லிச் செய்கிறார்கள். இறந்தவரின் மூன்றாம் நாள் ஜியாரத்தில் குர்ஆன் ஓதிய பின் பூ சேர்கிறது. தக்காண முஸ்லிம்களின் சடங்குகளைப் பிறப்பிலிருந்து இறப்பு வரை ஜாஃபர் ஷரீஃப் எழுத, சென்னை மாகாண மருத்துவர் ஹெர்க்ளோட்ஸ் ஆங்கிலத்தில் தந்த 'கானூனே இஸ்லாம்' 1832-இல் வெளிவந்தது. அதைப் புரட்டினால் பூவும் சந்தனமும் வராத சடங்கைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

மணமகனுக்கும் மய்யத்துக்கும் ஒரே சிவந்த ரோஜா. அட்டவணைப்படி பார்த்தால் இது குழப்பம். இந்த ஊர் மக்களுக்கோ இதில் குழப்பமே கிடையாது. எல்லா இடத்திலும் ரோஜா சொல்வது ஒன்றுதான்: நீங்கள் எங்களுக்கு மதிப்புக்குரியவர். காதல் அந்த மதிப்பின் ஒரு கிளை. மரமே அதுதான் என்று நினைத்துவிட்டது நம் காலத்தின் பிழை.

5. கிலோ ரோஜாவும் கட்டு ரோஜாவும்

குடிமல்காபூர் சந்தைக்கு விடியற்காலையில் போனால் இந்த இரண்டு மரபுகளும் அடுத்தடுத்து நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு பக்கம் உதிரி ரோஜா. சாக்கு விரித்துக் குவித்து, தராசில் நிறுத்து, கிலோக் கணக்கில் விற்கிறார்கள். பனி உலராத இதழ்கள், கையை விட்டால் உள்ளே குளிர்கிறது. பக்கத்தில் போகும்போதே மணம் வந்துவிடும். மாலைக்கும் தர்காவுக்கும் கோயிலுக்கும் போவது இதுதான். இன்னொரு பக்கம் டச்சு ரோஸ். முழ நீளக் காம்பு, மொட்டுக்கு வலைத்தொப்பி, 20 பூ கொண்ட கட்டு, சுற்றிலும் அட்டை. செவெள்ளா, மொய்னாபாத் பக்கத்துப் பசுமைக்குடில்களிலிருந்தும் பெங்களூரு, ஓசூரிலிருந்தும் வருகிறது. தாஜ்மகால் என்ற சிவப்பு வகை இதில் பெயர்பெற்றது. பார்க்க அவ்வளவு அழகு. மூக்கருகே கொண்டுபோனால் பெரும்பாலும் மணம் இல்லை.

ஏன் இல்லை? கட்டு ரோஜா நெடுந்தூரம் பயணம் செய்ய வேண்டும், குளிர்அறையில் தங்க வேண்டும், ஜாடியில் பல நாள் வாடாமல் நிற்க வேண்டும். பல தலைமுறையாக வளர்ப்பாளர்கள் நிறத்துக்கும் காம்புக்கும் தாங்கும் திறனுக்குமே தேர்ந்தெடுத்தார்கள். மணம் வழியில் நழுவிவிட்டது. 2015-இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வு, ரோஜா மணத்தை உருவாக்குவதில் ஒரு குறிப்பிட்ட நொதிக்குப் பங்கு இருப்பதைக் காட்டியது. மணமுள்ள 'பாப்பா மெய்யாண்' ரோஜாவில் சுறுசுறுப்பாக வேலை செய்யும் அந்த நொதிக்கான மரபணு, மணமற்ற 'ரூஜ் மெய்யாண்' ரோஜாவில் அடங்கிக் கிடக்கிறது.

இங்கேதான் என் வாதத்தின் முடிச்சு. மணம் போன பூவிடம் பேசுவதற்கு மிஞ்சியது நிறம் மட்டுமே. அதனால்தான் அதற்கு அந்தப் பழைய அட்டவணை தேவைப்பட்டது. மணமுள்ள ரோஜாவுக்கு உரை எழுத வேண்டியதில்லை. ஓசூரில் கடன் வாங்கிப் பசுமைக்குடில் போட்ட விவசாயியின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. காதலர் தினச் சந்தையே அவர் ஆண்டு வருமானத்தில் பெரும் பங்கு. வருடத்தில் ஒரு வாரம் மட்டும் வேண்டப்பட்டு மற்ற நாளெல்லாம் விலை சரியும் பூவாக ரோஜா ஆகிவிட்டால், நட்டம் அவருக்கும்தான்.

6. அட்டவணையில் இல்லாதவர்கள்

ரோஜாவின் பொருளை விரித்தவர்கள் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். நேரு தம் மேலங்கியில் ரோஜாவைக் குத்திக்கொண்டார். நவம்பர் 14-ஆம் தேதி பள்ளிக் குழந்தைகள் பலர் அந்தப் பூவைச் சட்டையில் குத்திக்கொள்கிறார்கள். 2006-இல் 'லகே ரஹோ முன்னா பாய்' படம் வந்த பிறகு, எதிர்ப்பைப் பூவால் சொல்லலாம் என்ற எண்ணம் நாடெங்கும் பரவியது. தலைக்கவசம் அணியாமல் வந்தவரை நிறுத்தி, போக்குவரத்துக் காவலர்கள் ரோஜா கொடுத்த காட்சிகளைப் பல நகரங்கள் கண்டன.

வீரராகவன் என்று ரோஜா உலகம் அறிந்த ஒரு தமிழர், ஆந்திர மாநில ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர். விருப்ப ஓய்வு பெற்று, கொடைக்கானலில் மனைவி கிரிஜாவுடன் ரோஜா வளர்ப்பில் இறங்கினார். வெப்பத்தைத் தாங்கும் இந்தியக் காட்டு ரோஜாக்களைக் கலந்து புதிய வகைகளை உருவாக்கினார். அவர்களுடைய ரோஜா ஒன்றின் பெயர் 'ஈ.கே. ஜானகி அம்மாள்'. கோவைக் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் உழைத்து, உலகம் போற்றிய தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள். 1984-இல் மறைந்தவருக்குப் பின்வந்தோர் தந்த பரிசு அந்தப் பூ. வாடாத ரோஜா பரிசு என்று ஒன்று உண்டானால் அது இதுதான்.

செப்டம்பர் 22-ஐப் புற்றுநோயாளர்களுக்கான ரோஜா தினமாக நம் நாட்டில் கடைப்பிடிக்கிறார்கள். கனடாவைச் சேர்ந்த மெலின்டா ரோஸ் என்ற சிறுமியின் நினைவில் வந்த நாள் அது. நோயாளியின் கையில் கொடுக்கும் ரோஜா காதலையும் சொல்லவில்லை, அனுதாபத்தையும் சொல்லவில்லை. உங்கள் மன உறுதியை மதிக்கிறோம் என்கிறது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். கீமோதெரபியால் நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் இருக்கும் வார்டில் உயிர்ப்பூவை அனுமதிப்பதில்லை. குழந்தைகள் செய்த காகித ரோஜா அங்கே அதே மதிப்போடு போய்ச் சேரும்.

7. மூன்று வேண்டுகோள்கள்

உரையை மூன்று வேண்டுகோள்களோடு நிறைவு செய்கிறேன்.

முதலாவது, ரோஜா கொடுக்கும்போது காரணத்தை வாயால் சொல்லிக் கொடுங்கள். நிறம் சொல்லட்டும் என்று விட்டுவிடாதீர்கள். "நீங்கள் அன்று கற்றுத் தந்தது இன்றும் உதவுகிறது" என்று ஓர் ஆசிரியரிடம் சொல்லிக் கொடுத்தால், அந்தப் பூ எந்த நிறமாக இருந்தாலும் சரியான நிறமே. ஒருவர் வாங்க மறுத்தால், அந்த மறுப்பையும் அதே மரியாதையோடு ஏற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மணமுள்ள ரோஜாவைக் கேட்டு வாங்குங்கள். பன்னீர் ரோஜா ஒரு தொட்டியில் வளரும், பால்கனி வெயில் போதும். கல்யாண மேடைக்கு டச்சு ரோஸ் அலங்காரம் செய்பவர்கள், வாசலில் நல்ல பன்னீர் ஒரு செம்பு வையுங்கள். வாசனை கலந்த தண்ணீரை அதில் ஊற்றி ஒப்பேற்றாதீர்கள்.

மூன்றாவது, அட்டவணையில் இடம் இல்லாதவர்களுக்குக் கொடுங்கள். முப்பது ஆண்டு பேருந்து ஓட்டி ஓய்வு பெறுபவருக்கு, பிரசவ வார்டில் இரவெல்லாம் நின்ற செவிலியருக்கு, நம் தெருவைக் கூட்டுபவருக்கு, பொட்டும் பூவும் கூடாதென்று ஒதுக்கப்பட்ட கைம்பெண்ணுக்கு. கணவன் இறந்த அன்றே பூவைப் பறித்துக்கொண்ட சமூகம் நம்முடையது. அந்தத் தாயின் கையில் மற்றவர் எதிரே ஒரு ரோஜாவைக் கொடுப்பதைப் போல் துணிவான பூப்பரிசு நம் நாட்டில் வேறில்லை. இந்த நகரம் மணமகனுக்கும் மறைந்தவருக்கும் ஒரே பூவைத் தரக் கற்றுக்கொடுத்திருக்கிறது. உயிரோடு இருக்கும் ஒருவருக்கு அதை மறுக்க நமக்கு எந்தக் காரணமும் கிடையாது.